பத்தாவது நகர்த்தலுக்குப் பிறகு

திருவாரூரில் நடந்த ஒரு செஸ் போட்டி. ஆறாம் வகுப்புப் படிக்கும் நன்னிலத்துப் பையன் ஒருவனின் பலகையருகே நின்றிருந்தேன். அவனுக்கு வெள்ளைக் காய்கள். ஆடியது இத்தாலியன் ஓபனிங். சி4-இல் மந்திரியை நிறுத்தி, நான்காம் நகர்த்தலில் குதிரையை ஜி5-க்கு அனுப்பினான். ராஜாவைத் தவிர வேறு காவலில்லாத எஃப்7 சிப்பாயின் மீது இரண்டும் குறிவைத்தன. எதிரே இருந்த சிறுமி டி5 தள்ளினாள், இவன் வெட்டினான். குதிரையால் அவள் திருப்பி வெட்டுவாள் என்று காத்திருந்தான். அப்படி வெட்டியவர்களைத்தான் அவன் பள்ளியில் வரிசையாகத் தோற்கடித்திருந்தான். அவளோ இன்னொரு குதிரையை ஏ5-இல் வைத்து மந்திரியைத் தாக்கினாள். பையன் வெகுநேரம் பலகையையே பார்த்துவிட்டு, மந்திரியை பி3-க்கு இழுத்தான். அவள் அதை வெட்டினாள். பிறகு எச்6, இ4 என்று சிப்பாய்களைத் தள்ளி அவன் குதிரையை விரட்டினாள். கையில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் தோற்றுப்போனான்.

ஓபனிங்குகளை மனப்பாடம் செய்வது வீண் என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சியாளர் கிடைக்காத ஊர்ப் பிள்ளைக்குக் கைபேசியில் பார்த்த பத்து நகர்த்தல்கள் பெரிய துணை. கடிகாரத்தில் நேரம் மிஞ்சும்; ஆரம்பப் பொறிகளில் விழாமல் தப்பலாம். உலகப் பட்டத்தையே தீர்மானித்த ஓபனிங்குகள் உண்டு. 2000-இல் லண்டனில் கிராம்னிக் பெர்லின் தற்காப்பைச் சுவராக நிறுத்தியபோது, காஸ்பரோவால் அதை உடைக்க முடியவில்லை.

ஆனால் காரணத்தை விட்டுவிட்டு வரிசையை மட்டும் கொடுப்பதை ஏற்க முடியவில்லை. பிரெஞ்சுத் தற்காப்பில் இ6 வைத்ததும் சி8 மந்திரிக்கு வழி அடைபடுகிறது. காரோ-கானில் சி6 வைத்தால் அந்த வழி திறந்தே இருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் இருபது நகர்த்தல்கள் தாமாகவே நினைவில் நிற்கும். லண்டன் சிஸ்டத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. எதிராளி எதை ஆடினாலும் டி4, எஃப்4-இல் மந்திரி, இ3, சி3 என்று ஒரே கோலத்தைப் போடச் சொல்வது பாதுகாப்பானதுதான். ஆனால் எட்டு வயதிலேயே அதைப் பழக்கினால், எதிராளியின் நகர்த்தலைப் பார்க்கும் பழக்கமே பிள்ளைக்கு வராது.

ஓபனிங்குகள் பிறந்ததே காரணங்களிலிருந்துதான். நம் நாட்டுப் பழைய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான் நகரும். அதில் பழகியவர்களுக்கு நடுப்பலகையை எதிராளிக்கு விட்டு, மந்திரியை ஜி7 மூலையில் அமர்த்தி, பிறகு அடிப்பது இயல்பாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி, ஜான் காக்ரேனுக்கு எதிராக இப்படித்தான் ஆடினார். கிங்ஸ் இந்தியன் போன்ற பெயர்களில் உள்ள 'இந்தியன்' அங்கிருந்து வந்தது.

நன்னிலத்தில் ரயிலேறினால் வடக்கே மயிலாடுதுறை. விஸ்வநாதன் ஆனந்த் பிறந்த ஊர். 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்கொண்டபோது அவர் தயாரிப்பின் உச்சத்தில் இருந்தார். வழக்கமான இ4-ஐ விட்டு டி4-க்கு மாறினார். கறுப்பில் மெரான் கிளையில் ஒரு சிப்பாயைக் கொடுத்து, ஜி வரிசையில் யானையை வெள்ளை ராஜாவுக்கு நேரே நிறுத்தினார். மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்கள் இரண்டையும் அந்தக் கிளையிலேயே வென்றார். வீட்டில் தயாரித்த நகர்த்தல்கள்தான். ஆனால் அவை முடிந்த இடத்தில் யானை எதற்காக அங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அந்தப் பாதிதான்.

அன்று ஆட்டம் முடிந்ததும் இருவரும் வராந்தாவில் காய்களை மறுபடி அடுக்கினார்கள்.

"குதிரைய ஏன் ஓரத்துல வச்சே? ஓரத்துல வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே" என்று கேட்டான் பையன்.

"உன் மந்திரிதானே எஃப்7-ஐப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதக் கெளப்பிட்டா ஒன் குதிரைக்கு அங்க என்ன வேல? நீ பி5-ல செக் வச்சிருந்தா எனக்குத்தான் கஷ்டம்."

பையன் மந்திரியை எடுத்து பி5-இல் வைத்துப் பார்த்தான்.