இசை இதழ்களில் இளைஞர் துணைப்பண்பாடுகள்: என்.எம்.இ. காட்டிய சித்திரம்
நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், சுருக்கமாக என்.எம்.இ., 1952-ல் லண்டனில் இசை வார இதழாகத் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவின் முதல் இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையை அதே ஆண்டு வெளியிட்டது. 1970-களில் இளைஞர் துணைப்பண்பாடுகளைப் பற்றி எழுதும் முக்கியமான களமாகவும் ஆனது. தனக்கென்று உடை, இசை, பேச்சு, கூடும் இடம் ஆகியவற்றை வகுத்துக்கொண்டு பொதுச் சமூகத்திலிருந்து விலகி நிற்கும் குழுவின் வாழ்முறையே துணைப்பண்பாடு எனப்படுகிறது.

1976-ல் பங்க் இசை தலையெடுத்த வேளையில், இளம் எழுத்தாளர்கள் தேவை என்று இதழ் விளம்பரம் செய்தது. ஜூலி பர்ச்சில், டோனி பார்சன்ஸ் இருவரும் அவ்வாறு சேர்ந்தவர்கள். பர்ச்சிலுக்கு அப்போது 17 வயது. அவ்வாண்டு டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசியதும், நாளிதழ்கள் பங்க் இளைஞர்களைச் சமூகத்துக்கு வந்த கேடாகவே எழுதின. அந்தக் கூச்சலுக்கு நடுவே, அவர்கள் எதைக் கேட்கிறார்கள், ஏன் கோபப்படுகிறார்கள் என்று கேட்டு எழுதியது இசை இதழ்களின் உண்மையான சாதனை.

ஆனால் உள்ளிருந்து எழுதுபவர் விரைவில் வாயிற்காவலராகிவிடுகிறார். யார் அசல் பங்க், யார் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர் என்று தீர்ப்பளிக்கும் தொனி இதழில் ஏறியது. பர்ச்சிலும் பார்சன்ஸும் 1978-லேயே ராக் இசைக்கு இரங்கல் குறிப்பு என்ற துணைத்தலைப்புடன் நூல் எழுதிவிட்டார்கள். சிற்றூரில் அப்போதுதான் கிட்டார் வாங்கிய பையனுக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

இதற்கு மாற்றாக நின்றது 'ஸ்னிஃபின் க்ளூ'. வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெர்ரி 1976 ஜூலையில் தட்டச்சு செய்து நகலெடுத்து வெளியிட்ட ரசிகர் இதழ் இது. தமிழ் வாசகர் சிற்றிதழ் என்று சொன்னால் ஏறக்குறையப் புரியும். எழுத்துப் பிழைகளும் அடித்தல்களும் அப்படியே இருக்கும். வாசகர்களையே இதழ் தொடங்கச் சொன்ன பெர்ரி, 1977-ல் தம் இதழைத் தாமே நிறுத்தினார். அந்த இயக்கத்தின் குரல் என்.எம்.இ.-யைவிட இதில்தான் தெளிவாகக் கேட்கிறது.

பெண்கள் விடுபட்டுப்போவது இத்துறையின் பழைய குறை. ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976-லேயே அதைச் சுட்டினர். இதழாளர்கள் மட்டுமல்ல, ஆய்வாளர்களும் தெருவில் நின்ற பையன்களையே பார்த்தார்கள் என்பது அவர்கள் வாதம்.

1986-ல் என்.எம்.இ. 22 குழுக்களின் பாடல்களைத் தொகுத்து 'சி86' என்ற ஒலிநாடாவை வெளியிட்டது. மென்மையான கிட்டார் இசையும், ஸ்டம்ப், பிக் ஃப்ளேம் போன்ற குழுக்களின் கரடுமுரடான ஓசையும் அதில் கலந்தே இருந்தன. பிற்காலத்தில் 'சி86' என்றாலே மென்மையான வகை என்றாயிற்று; மற்றவை நினைவிலிருந்து கழன்றுவிட்டன. அதே ஆண்டுகளில் இளைஞர்களிடையே பரவிய ஹிப்-ஹாப்புக்கு அந்த நாடாவில் இடமே இல்லை. ஊடகம் துணைப்பண்பாட்டை வெளியே நின்று படம்பிடிப்பதில்லை, அதன் உருவாக்கத்திலேயே பங்கேற்கிறது என்று சாரா தார்ன்டன் 1995-ல் 'கிளப் கல்ச்சர்ஸ்' நூலில் வாதிட்டார். அதற்கு இந்த நாடாவைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. நாடாவின் முதல் பாடலைத் தந்த பிரைமல் ஸ்கிரீம் குழுவோ 1991-ல் நடன இசை கலந்த 'ஸ்கிரீமடெலிக்கா'வுடன் அந்தப் பெயருக்கு வெளியே போய்விட்டிருந்தது.