வரவேற்பும் வருகைப்பதிவும்

இது ஒரு புத்தகத்தைப் பற்றிய விமர்சனம். புத்தகம் என்று சொல்வதற்குச் சிலர் சிரிக்கக்கூடும். ஆசிரியர் பெயர் கிடையாது, விலை கிடையாது. பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து சேரும் மாணவருக்கென்று ஆண்டுதோறும் தயாரிக்கிற வரவேற்புக் கையேடுதான் அது. 2023 செப்டம்பரில் என் அக்கா மகள் எம்.எஸ்ஸி. படிக்க வட இங்கிலாந்தில் ஒரு நகரத்துக்குப் போனாள். கிளம்புவதற்கு முன் அவளுக்கு வந்த கையேட்டை அக்கா என்னிடம் கொடுத்து, "எதெதையோ படிச்சு எழுதுறியே, இதுல என்ன இருக்குன்னு படிச்சு சொல்லுடா" என்றாள். தமிழ் எம்.ஏ.வுக்கு எங்கள் வீட்டில் இப்படியொரு பயன் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

படித்தேன். பிறகு வேறு சில பல்கலைக்கழகங்களின் கையேடுகளையும் தேடிப் படித்தேன். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தாலும் தெரியாது. பாட்டியல் நூல்கள் சிற்றிலக்கியங்களுக்கு உறுப்பு வகுத்ததுபோல இதற்கும் வகுத்துவிடலாம்: விமான நிலையத்திலிருந்து வருதல், அறைச் சாவி பெறுதல், வங்கிக் கணக்கு தொடங்குதல், மருத்துவரிடம் பதிதல், மழை, வரிசையில் நிற்றல், புதியவர் வாரம், வீட்டு நினைவு. இந்த உறுப்புகள் மாறுவதில்லை. இலக்கணம் இவ்வளவு இறுகிப்போன ஒரு பிரதிக்குள் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது நமக்குப் பழகிய வேலைதானே.

முதலில் கண்ணில் படுவது அதன் விளி. பக்கம் பக்கமாக 'யூ', 'யூ', 'யூ'. காவலர் தெருவில் "ஏய், உன்னைத்தான்" என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற கணத்தில் ஒருவர் தன்னிலையாகிறார் என்று அல்தூஸர் 1970இல் எழுதினார். கையேடும் அப்படித்தான் கூப்பிடுகிறது, சிரித்த முகத்தோடு. அக்காவுக்காக அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனபோது எனக்கு ஒரு திண்டாட்டம். 'யூ'வில் மரியாதைக் குறி கிடையாது. 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா? விடுதி, நண்பர்கள், சங்கங்கள் வருகிற பக்கங்களில் 'நீங்கள்' தானாகவே வாயில் வந்தது. நீங்கள் சந்திப்பீர்கள், நீங்கள் கண்டடைவீர்கள், நீங்கள் ரசிப்பீர்கள். விசா அத்தியாயத்துக்கு வந்ததும் 'நீங்கள்' ஒட்டவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. வகுப்புக்கு வர வேண்டும். முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். வராவிட்டால் உள்துறைக்கு அறிவிக்கப்படும். இங்கே 'நீ' என்றால்தான் தொனி சரியாக விழுந்தது. ஒரே சொல் இருபது பக்கத்துக்குள் விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு விசாரணைக் கைதியையும் கூப்பிடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வரவேற்பு வாக்கியங்களில் எழுவாய் உண்டு. 'அறிவிக்கப்படும்' என்பதில் அது காணாமல் போய்விடுகிறது. அறிவிப்பது யார்? வரவேற்ற அதே பல்கலைக்கழகம்தான்.

இது என் கற்பனை அல்ல, சட்டம். 2009 முதல் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கிற நிறுவனம் உள்துறையிடம் உரிமம் பெற்ற 'ஸ்பான்சர்'. பதிவு செய்ய வராத மாணவரை, தொடர்ந்து வகுப்புக்கு வராத மாணவரை, அது குறித்த நாட்களுக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் உரிமத்துக்கே ஆபத்து. 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமம் பறிக்கப்பட்டபோது 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிப்பு நடுவில் நிற்க நேர்ந்தது. அதே ஆண்டில்தான் அப்போதைய உள்துறை அமைச்சர் தெரசா மே 'பகைச் சூழல்' என்ற தொடரைக் கொள்கையாகவே அறிவித்தார். அட்டையைத் தேய்த்தோ கைபேசியில் தட்டியோ மாணவர் போடுகிற வருகைப்பதிவு ஆசிரியருக்கானது மட்டுமல்ல. ஆசிரியர் பின்வாசல் வழியாக எல்லைக் காவலராகவும் ஆக்கப்பட்டிருக்கிறார். சீனா உள்ளிட்ட சில நாடுகளின் மாணவர்கள் 34 பவுண்டு கட்டி, வந்த 7 நாட்களுக்குள் காவல்துறையில் நேரிலேயே பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த முறை போய்விட்டது. போனால் என்ன, வேலை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஃபூக்கோவைப் படித்த கையோடு 'இது நவீனக் கண்காணிப்பு' என்று முடித்துவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மேசை பழைய மேசை. 1907இல் லண்டனில் இந்திய மாணவர்களின் நிலையை ஆராய லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. காரணம் அன்பு மட்டுமல்ல. ஹைகேட்டில் ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905இல் தொடங்கிய இந்தியா ஹவுஸ் என்ற விடுதி அரசின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. நம் சிறுகதை வரலாற்றில் முதல் பக்கத்தில் வரும் வ.வே.சு. ஐயர், சட்டம் படிக்கப்போன இடத்தில் அந்த வீட்டோடு சேர்ந்தவர். குழுவின் விளைவாக 1909இல் இந்திய மாணவர்களுக்கென ஒரு தகவல் நிலையம் வந்தது. டி.டபிள்யூ. ஆர்னல்டு கல்வி ஆலோசகரானார். அடுத்த ஆண்டு முதல் 21, குரோம்வெல் சாலை என்ற முகவரியில், புதிதாகக் கப்பலிறங்கும் மாணவருக்குத் தங்க அறை, படிக்க ஆலோசனை, நல்ல குடும்பங்களின் அறிமுகம் எல்லாம் கிடைத்தன. மாணவர்களோ அந்த வீட்டை உளவு வீடாகவே பார்த்தார்கள். அந்த அவநம்பிக்கையை 1921-22இன் லிட்டன் குழுவே பதிவு செய்ய வேண்டியிருந்தது. லீ-வார்னர் அறிக்கையும் அதுவரை வெளியே வரவில்லை. லிட்டன் அறிக்கையின் பின்னிணைப்பாகத்தான் வெளிச்சம் கண்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆர்னல்டு பெரிய அறிஞர். பிரச்சினை ஆட்களிடம் இல்லை. உதவி கேட்டு வருபவர் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் உதவுபவரின் கோப்புக்குள் போகிறது என்கிற அமைப்பில் இருக்கிறது.

கட்டணக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் என்பது 1967இல் வந்தது. 1980 முதல் முழுச் செலவையும் அவரே கட்ட வேண்டும் என்றாயிற்று. 2015இல் மருத்துவ வரி, மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு. 2024 பிப்ரவரியில் அது 776. அனைத்தும் முன்கூட்டியே. இவ்வளவும் கட்டியவரை விருந்தாளி என்று கூப்பிடுவதில் உள்ள கூச்சமின்மையைக் கையேட்டின் எந்த வாக்கியமும் காட்டிக்கொடுப்பதில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். கையேட்டின் நடுவே ஒரு வரைபடம். ஆங்கில யூ எழுத்தைப்போல ஒரு வளைகோடு (விளியும் 'யூ', கோடும் 'யூ'!). இடது மேல்முனையில் தேனிலவு. கீழே இறங்கினால் கலாச்சார அதிர்ச்சி. மறுபடி ஏறினால் பொருந்திப்போதல். இது எல்லோருக்கும் வரும், இயல்பானது, கடந்துபோகும் என்று பக்கத்தில் ஆறுதல்.

இந்தக் கோட்டின் பூர்வீகத்தைத் தேடினேன். கலாச்சார அதிர்ச்சி என்ற தொடரைப் பரப்பியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் மன்றத்தில் அவர் ஆற்றிய உரை அது. அந்த நோயின் அறிகுறிகளாக அவர் அடுக்குகிறவற்றில் சில: அடிக்கடி கைகழுவுதல், குடிதண்ணீரைப் பற்றிய மிதமிஞ்சிய கவலை, வேலைக்காரர்கள் மேலே பட்டுவிடுவார்களோ என்ற பயம். வேலைக்காரர் வைத்துக்கொள்ள வசதியுள்ளவரின் நோய்தான் இது. வளைகோடு வந்தது அடுத்த ஆண்டு, லிஸ்கார்டு என்பவரின் ஆய்விலிருந்து. அவர் பேட்டி கண்டது ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த சுமார் 200 நார்வேக்காரர்களை. உதவித்தொகையோடு போனவர்களின் மனநிலையை வைத்து வரைந்த கோடு, வீட்டை அடமானம் வைத்துப் போகிறவர்களுக்கும் அதே அளவில் தைத்துக் கொடுக்கப்படுகிறது.

அக்கா மகளுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வெளியே அறை பார்த்தாள். மாதம் 520 பவுண்டு. பிரிட்டனில் வேலை பார்க்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்னாலேயே கட்ட வேண்டும் என்றார் வீட்டு ஏஜெண்ட். 3,120 பவுண்டு, அப்போதைய மதிப்பில் மூன்று லட்சத்துக்கு மேல். மூன்றாவது வாரம் போன் பண்ணினாள். "மாமா, இங்க எல்லாரும் 'ஆல்ரைட்?'னு கேக்குறாங்க. நான் பதில் சொல்ல ஆரம்பிக்கிறதுக்குள்ள தாண்டிப் போயிடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறாள். மிக அன்பான பதில் வந்திருக்கிறது. கூடவே மனநல ஆலோசனைக்கு நேரம் கேட்கும் படிவமும், அந்த வளைகோடு உள்ள பக்கமும்.

அவளுக்கு வந்தது அதிர்ச்சி இல்லை, ஆறு மாத வாடகை. கையேட்டின் ஆகப்பெரிய சாமர்த்தியம் இதுதான் என்று நினைக்கிறேன். கடனை மனநிலையாக மொழிபெயர்த்துவிடுகிறது. ஜாமீன்தாரர் இல்லாததும், 20 மணி நேர வரம்பும், வருகைப்பதிவு பயமும் ஒரு வளைவின் அடிப்பகுதியாகிவிடுகின்றன. வளைவு என்றால் தானே மேலேறும், காத்திருந்தால் போதும். 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், இங்கிலாந்தில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்பதைத் தடுக்கிறது. சட்டத்தால் தீர்க்கக்கூடிய ஒன்று எப்படி அவளுடைய மனக்கோளாறாக இருந்திருக்க முடியும்?

இந்த இடத்தில் ஒரு நண்பர் மறித்தார். "ஒரு தகவல் புத்தகத்தைப் போட்டு இப்படிக் கிழிக்கணுமா? வந்த அன்னைக்கே டாக்டர்கிட்ட பதியச் சொல்லுது, மாணவருக்கு கவுன்சில் வரி கிடையாதுன்னு சொல்லுது, நல்லதுதானே?" நல்லதுதான். ஊரில் யாரும் சொல்லித்தராதவை அவை. தகவலோடு எனக்குச் சண்டையில்லை, அந்த 'யூ'வோடுதான். வந்திறங்கியவர் தன் கஷ்டத்தைச் சொல்ல எந்த இலக்கணத்தைத் தருகிறது என்பதோடுதான்.

இதற்கு மாற்றான ஒரு கையேடு உண்டு. எழுதியவர் காந்தி. 1888இல் வெள்ளை ஃபிளானல் சூட்டோடு போய் இறங்கி, எல்லோரும் கறுப்பில் நிற்கக் கூசிப்போனவர். அன்று பார்க்க வந்த பிராண்ஜீவன் மேத்தாவின் தொப்பியை ஆசையாகத் தடவி அதன் ரோமத்தைக் கலைத்துவிட, அடுத்தவர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே கேள்வி கேட்காதே, யாரையும் 'சர்' போட்டுக் கூப்பிடாதே என்று பாடம் கிடைத்தது. ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குச் சொன்னது. ஊர் திரும்பியபின், 1893-94 வாக்கில், லண்டனுக்குப் போகிறவர்களுக்காகக் காந்தி ஒரு வழிகாட்டி எழுதினார். அவர் காலத்தில் அச்சாகவில்லை. அதில் பேசப்படுவது பெரும்பாலும் காசு. எத்தனை சட்டை, என்ன விலை, வாரம் ஒரு பவுண்டில் எப்படி வாழலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். மனநிலை வளைகோடு கிடையாது. போய்ப் பட்டவர், போகப்போகிறவருக்கு எழுதியது.

உடனே நம்மவர் பெருமைக்குத் தாவிவிடக் கூடாது. விருந்து என்ற சொல்லுக்குத் தமிழில் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வருபவரே விருந்து. அங்கே முதலாண்டு மாணவரை 'ஃப்ரெஷர்' என்பதும் கிட்டத்தட்ட அதுதான். அந்நியர் தனதல்லாத மொழியில் விருந்தோம்பலைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று 1996இல் தெரிதா தன் வகுப்புகளில் பேசினார். நம் ஊரில் தன் சொந்த மொழியிலேயே கேட்டவரையும் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்த பிறகுதான் திண்ணையில் உட்காரச் சொன்னோம். சிலரை அதுவும் இல்லை. அக்கா மகள் அடுத்து நம்மவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டில் அறை கேட்டுப் போயிருக்கிறாள். ஜாமீன் கேட்கவில்லை. "என்ன சாப்புடுவீங்கன்னு கேட்டாங்க மாமா. முட்டைன்னு சொன்னேன். அதுக்கப்புறம் போன் எடுக்கல." கடைசியில் இரண்டு நைஜீரியப் பெண்களோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்தாள். அவர்களில் ஒருத்தியின் சித்தி அங்கே நர்ஸ். அவர்தான் மூன்று பேருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

படிப்பு முடிவதற்குள் அவளும் ஒரு கையேடு எழுதிவிட்டாள். அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, தமிழும் இங்கிலீஷும் கலந்து இரண்டு பக்கம். எந்தக் கடையில் சாயங்காலம் ரொட்டி விலை குறைப்பார்கள், எந்த ஏஜெண்டிடம் போகக் கூடாது, எந்த ஓட்டலில் சம்பளம் இழுத்தடிப்பார்கள். 'ஆல்ரைட்?'னு கேட்டால் நாமும் 'ஆல்ரைட்?'னு கேட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். வருகைப்பதிவைத் தட்ட மறந்தால் அன்றைக்கே மெயில் போட வேண்டும். காந்தியின் வழிகாட்டியைப் போலவே இதிலும் எண்கள்தான் அதிகம். கடைசி வரி மட்டும் எனக்குப் புரியவில்லை: வீட்டுக்கு வீடியோ கால் போடும்போது போனை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளவும்.

ஏம்மா என்று கேட்டேன்.

"முதல் நாலு மாசம் ரூம்ல கட்டில் இல்ல மாமா. தரையிலதான் படுத்தேன். அம்மா பாத்தா அழுவாங்கல்ல, அதான். ஜன்னல்ல பனி பெய்யறது தெரிஞ்சா சந்தோஷமாயிடுவாங்க."

அந்தக் குளிர்காலத்தில் அக்கா எனக்குக் காட்டிய படங்களில் எல்லாம் பனி இருந்தது.