ஃபெட்டிஷிசமும் ஆயுத பூஜையும்: அம்பத்தூரிலிருந்து ஒரு வாசிப்பு

ஃபெட்டிஷிசம் தமிழ் விமர்சனத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் கருத்தாக்கம். ஆனால் அந்த அளவுக்கு விளக்கப்பட்டதில்லை. மானிடவியலில் அது பொருள் வழிபாட்டைக் குறிக்கிறது. மார்க்சியத்தில் சரக்கின் மாயையைக் குறிக்கிறது. உளப்பகுப்பாய்வில், பாலியல் விருப்பம் ஒரு பொருளின் மீதோ உடலின் ஒரு பகுதியின் மீதோ நிலைகொள்வதைக் குறிக்கிறது. தன்னிடம் இயல்பாக இல்லாத ஓர் ஆற்றல் ஒரு பொருளிடம் இருப்பதாக மனிதர்கள் நடந்துகொள்வது இம்மூன்றுக்கும் பொது. இக்கருத்தாக்கம் எங்கே உதவுகிறது, எங்கே வழிதவறச் செய்கிறது என்பதைச் சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழிற்கூடங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஆயுத பூஜையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் வரலாறு

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் வணிகம் செய்த போர்த்துகீசியர்கள் அங்குள்ள மக்கள் அணிந்த தாயத்துகளையும் வணங்கிய பொருள்களையும் 'ஃபெய்டிசோ' என்றனர். செய்யப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 1760இல் சார்ல் து பிரோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை மதத்தின் தொடக்க நிலையைக் குறிக்கும் பொதுப்பெயராக்கினார். தான் செய்த பொருளைத் தானே தொழுபவன் அறிவில் குழந்தை என்ற தீர்ப்பு அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. வில்லியம் பீட்ஸ் 1980களில் எழுதிய கட்டுரைகளில் இதற்கு வேறொரு பின்னணியைக் காட்டினார். ஃபெட்டிஷ் என்ற எண்ணம் ஆப்பிரிக்க மதத்திலும் பிறக்கவில்லை, ஐரோப்பிய மதத்திலும் பிறக்கவில்லை. இரண்டும் சந்தித்த வணிகத் துறைமுகங்களில் பிறந்தது. இவர்களுக்குப் பொருள்களின் மதிப்புத் தெரியவில்லை என்பதுதான் வணிகனின் முறையீடு. ஆக, தொடக்கத்திலிருந்தே இச்சொல்லில் கடவுளைவிட விலையின் வாடைதான் அதிகம்.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனம் முதல் தொகுதியில் இந்த ஏளனச் சொல்லை ஐரோப்பாவின் மீதே திருப்பினார். சந்தையில் மனிதர்களுக்கு இடையிலான உழைப்பு உறவு, பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோன்றுகிறது. ஒரு சட்டைக்கு இன்ன விலை என்பது அந்தச் சட்டையின் இயற்கைக் குணம் போலத் தெரிகிறது. தைத்தவரின் வேலைநேரம் அதில் தெரிவதில்லை. இது வெறும் அறியாமை இல்லை என்பதை மாணவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். விலைக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது என்று தெரிந்த பொருளாதார ஆசிரியரும் கடையில் விலைச்சீட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறார். மாயை தலைக்குள் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. ஃப்ராய்ட் 1927இல் ஃபெட்டிஷிசம் பற்றி எழுதிய சிறு கட்டுரையும் வேறு வழியில் இதற்கு அருகே வருகிறது: தெரிந்திருந்தும் தெரியாததுபோல் இருக்கும் மனநிலையை அது விவரிக்கிறது. அந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகள் நமக்கு இங்கே தேவைப்படாது.

தமிழில் இக்கருத்தைக் கோட்பாட்டுப் பெயர் எதுவுமின்றிக் கதையாக்கியவர் புதுமைப்பித்தன். 1930களில் எழுதிய 'சிற்பியின் நரகம்' கதையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிற்பி சாத்தன் தன் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி ஒரு நடராஜர் சிலையை வடிக்கிறான். அது கோயிலுக்குப் போகிறது. பிறகு அவன் காணும் கனவில், கருவறைக்கு வரும் கூட்டம் சிலையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மோட்சம் கேட்டு முணுமுணுத்துவிட்டுப் போகிறது. கலையைப் பற்றியும் கடவுள் நம்பிக்கையைப் பற்றியும் இக்கதையை வைத்து நிறையப் பேசியிருக்கிறார்கள். செய்பொருள் செய்தவனை விழுங்கும் கதையாகவும் இதைப் படிக்கலாம். சாத்தனின் நரகம் அவனுடைய வேலை வெற்றி பெற்றதால் வந்தது; சிலை சரியாக அமையாதிருந்தால் கோயிலுக்கே போயிருக்காது.

மண்ணா, தெய்வமா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை போனது. 1953 மே 27இல், புத்தர் பிறந்த நாளில், பெரியார் பிள்ளையார் பொம்மை உடைக்கும் போராட்டம் நடத்தினார். திருச்சியில் அவர் உடைத்த மண் பொம்மை தொடர்பாக ஒரு பக்தர் வழக்குத் தொடுத்தார். அது கடையில் வாங்கிய மண்ணுருவம், பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம் இல்லை என்பதால் குற்றம் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் கருதின. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் மிகக் குறுகியது என்றது. மக்களில் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளையும் சட்டம் காக்கும்; அது கோயிலில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டதால் வழக்கை மேலே நடத்த உத்தரவிடவில்லை. பொருளின் புனிதம் பொருளுக்குள் இல்லை, அதைச் சுற்றியுள்ள மனிதர்களிடம் இருக்கிறது என்பதையே நீதிமன்றம் சட்ட மொழியில் ஒப்புக்கொண்டது. பெரியாரும் வேறொரு திசையிலிருந்து அதைத்தான் சொன்னார்.

ஆயுத பூஜையையும் பெரியார் விட்டுவைக்கவில்லை. பூஜை போடாத நாடுகளில்தான் கல்வியும் இயந்திரமும் வளர்ந்திருக்கின்றன என்பது அவருடைய வாதம். அதற்கு நேரடி பதில் சொல்வது எளிதில்லை. ஆனால் வழிபடுபவர், தான் வழிபடுவது செய்பொருள் என்பதை மறந்துவிட்டார் என்ற அனுமானம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையில் பிறந்த ஆழ்வாரைப் பற்றி வழங்கும் கதையில், காஞ்சி திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளைப் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தன்னோடு கிளம்பச் சொல்கிறார் ஆழ்வார், பெருமாளும் கிளம்புகிறார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அப்படி வந்தது. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதருக்கு விசிறி வீசியபடியே அவரோடு பேசுவார் என்கிறது குருபரம்பரை மரபு. இங்கே உருவம் மனிதனை அடக்கி ஆளவில்லை. ஏவினால் கேட்கிறது, கேட்டால் பதில் சொல்கிறது. து பிரோஸின் அகராதியில் இந்த உறவுக்கு இடமில்லை.

லேத்தின் மேல் சந்தனம்

அம்பத்தூரில் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1960களில் அரசின் தொழிற்பேட்டை உருவானது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் உள்ளன. வாகன உதிரிபாகம், வார்ப்படம், அச்சு, முலாம் பூச்சு என்று பல வேலைகள் நடக்கின்றன. நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் இந்தப் பேட்டை முழுவதும் ஓசை அடங்கிவிடும். அதற்கு முன்பே இயந்திரங்களின் அடியில் சேர்ந்த இரும்புச் சுருளை வாரி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்திருப்பார்கள். லேத்துக்கும் மில்லிங் மெஷினுக்கும் சி.என்.சி. இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. வாசலில் வாழைக்கன்று. அளவு பார்க்கும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் இருக்கும். பொரி, கடலை, சுண்டல், இனிப்புப் பெட்டி. குங்குமம் தடவிய பூசணிக்காய் வாசலில் உடையும்.

இதைப் பார்த்து ஃபெட்டிஷிசம் என்று சொல்வது மிக எளிது. அதனால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். இயந்திரத்தின் உண்மை தெரியாமல் யாரும் அங்கே பொட்டு வைக்கவில்லை. இருபது ஆண்டு லேத் ஓட்டியவருக்கு பேரிங் தேய்ந்திருப்பது ஓசையிலேயே தெரியும். எந்த இயந்திரம் எத்தனை மைக்ரான் தள்ளி வெட்டும் என்று தெரியும். பவர் பிரஸ் ஒரு கணத்தில் விரலை எடுத்துவிடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். அதன் மேல் வைக்கும் குங்குமத்தில் நன்றியும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டும் பொய்யான உணர்ச்சிகள் இல்லை.

கல்கத்தா சணல் ஆலைத் தொழிலாளர்களின் ஆயுத வழிபாட்டைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் திபேஷ் சக்ரவர்த்தியும் இந்த இடத்தில் தயங்குகிறார். விபத்து பயத்தால் வழிபடுகிறார்கள் என்று காரணம் சொல்லித் தெய்வத்தைக் கழித்துவிடும் சமூக அறிவியல், அந்த மக்களின் உலகத்தைத் தன் மொழிக்குள் விழுங்கிவிடுகிறது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பூஜையைக் காப்பாற்றிவிட்டு, பூஜைக்கு மறுநாள் தொடங்கும் வேலையை மறந்துவிடுவோம்.

பேட்டையின் சிறு கூடங்கள் பலவற்றுக்கு வேலை ஜாப் ஒர்க்காகத்தான் வருகிறது. பெரிய கம்பெனியிலிருந்து இரும்பும் டிராயிங்கும் வரும். இங்கே கடைந்து, துளையிட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். கூலி பீஸ் கணக்கில். ரிஜெக்‌ஷன் ஆனால் நஷ்டம் பெரும்பாலும் சிறு கூடத்தின் தலையில். அந்தத் துண்டு இன்னொரு ஆலையில் ஒரு பாகத்துக்குள் போய், அந்தப் பாகம் ஒரு காருக்குள் போகும். அந்தக் காருக்கும் ஒரு பூஜை உண்டு. ஷோரூமில் துணி விலக்கி, மாலை போட்டு, சாவி கொடுத்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிச் செல்வார்கள். ஆக ஒரே இரும்புத் துண்டு இரண்டு பூஜைகளுக்கு நடுவே பயணம் செய்கிறது. முதல் பூஜையில் அதைச் செய்த கைதான் பொட்டு வைக்கிறது. இரண்டாவதில் அந்தக் கை எங்கேயும் இல்லை; காரின் பெயரும் விலையும்தான் இருக்கின்றன. மார்க்ஸ் சொன்ன மாயை இந்த இரண்டாவது பூஜையில் இருக்கிறது. எலுமிச்சம்பழம் வைக்காத நாத்திகர் வாங்கினாலும் இருக்கும்.

பெயர் கையை மறைப்பதற்கு அம்பத்தூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸின் பி.எஸ்.ஏ. என்ற பெயர் ஒரு தலைமுறைப் பள்ளி மாணவர்களின் கனவாக இருந்தது. அது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம். 1861இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட ஆங்கில நிறுவனம் அது. ஆயுத பூஜை அன்று அந்த சைக்கிளைக் கழுவிப் பொட்டு வைத்த பிள்ளைகள் தாங்கள் ஓர் ஆயுத ஆலையின் பெயருக்கே பூஜை போடுகிறோம் என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அதற்காக முதல் பூஜையைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அதற்குள்ளும் ஒரு மறைப்பு நடக்கிறது. அது இயந்திரத்தின் மேல் இல்லை, கையில் கொடுக்கப்படும் கவரில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம், தகுதியுள்ள தொழிலாளிக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்றது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கு அது. கம்பெனி நஷ்டத்தில் ஓடினாலும் தர வேண்டியது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அந்தப் பணம் பூஜைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்களில், இனிப்புப் பெட்டியோடு, முதலாளியின் கையால் வரும்போது அன்பளிப்பின் முகத்தைப் பெற்றுவிடுகிறது. வாங்குபவர் வணங்கி வாங்குகிறார். நிலுவையில் இருந்த கூலி பிரசாதமாகிவிடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பல இடங்களில் இனிப்புப் பெட்டியோடு சரி. விமர்சகர் சந்தனத்தைப் பார்ப்பதைவிட இந்தக் கவரைப் பார்ப்பது நல்லது.

ஆவடியின் டாங்கிகள்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. 1961இல் அதே ஊரில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. சைக்கிளையும் காரையும் போல டாங்கி கடைக்கு வரும் சரக்கு இல்லை. அதை வாங்குவது அரசு ஒன்றே. ஆனாலும் அதன் மேல் ஒளிவட்டம் உண்டு. பழைய டாங்கிகள் மேடை கட்டி நிறுத்தப்பட்டு, பூங்காவில் குழந்தைகள் ஏறிப் படம் எடுக்கும் பொருளாகின்றன. சரக்கின் மாயைக்கு விலை எப்படியோ அப்படி இந்த மாயைக்கு தேசம். அதற்குப் பின்னாலும் வெல்டிங் புகையும் ஷிஃப்ட் சங்கும் இருக்கின்றன.

2021இல் படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக மாற்ற ஒன்றிய அரசு முடிவெடுத்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்தன. ஜூன் 30 அன்று, இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய வழிசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அக்டோபர் 1 முதல் 41 தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாயின. ஆவடி ஆலை கவச வாகன் நிகாம் என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. அதன் தலைமையகமும் ஆவடியிலேயே அமைந்தது. ஏழு நிறுவனங்களையும் நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழாவுக்கு அக்டோபர் 15ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று விஜயதசமி. வடநாட்டில் அது போர்க்கருவிகளுக்குப் பூஜை செய்யும் நாள். பிரதமர் தம் உரையில் அந்த மரபைக் குறிப்பிட்டார்.

தமிழில் ஆயுதம் என்ற சொல் வாளையும் குறிக்கும், உளியையும் ஸ்பேனரையும் குறிக்கும். அம்பத்தூர்ப் பேட்டையில் பொட்டு வைக்கப்படுவது இரண்டாவது வகை ஆயுதம். டெல்லி விழாவில் பேசப்பட்டது முதல் வகை. டாங்கி செய்யும் தொழிலாளியின் கையில் இருப்பது ஸ்பேனர்தான். அந்த ஆண்டு அந்தக் கை வேலையை நிறுத்துவதற்கு இருந்த உரிமை, டாங்கிக்குப் பூஜை நடந்த நாளுக்கு மூன்றரை மாதம் முன்பே தடைப்பட்டிருந்தது.