நூறு படமும் ஒரு பிழையும்

தருமபுரியில் படிக்கும் மாணவருக்கு மாறொளி விண்மீனை அளக்கச் சொந்தத் தொலைநோக்கி இனி வேண்டியதில்லை. சிலியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் தானியங்கித் தொலைநோக்கியை நிமிடக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். விடிவதற்குள் விண்மீனின் ஒளியளவைக் குறிக்கும் பொலிவெண் மூன்று தசமத்தானத்தோடு கணினிக்கு வந்துவிடும். இந்த வசதியைக் கொண்டாடுவோர் ஒரு வாதமும் வைக்கிறார்கள்: தனி அளவீட்டில் குறை இருந்தால் என்ன, படங்கள்தான் ஏராளமாயிற்றே, சராசரி எடுத்தால் பிழை கரைந்துவிடும். கரையாது என்பதே என் நெடுநாள் கட்சி.

இக்கருவிகளின் சிறப்பை மறுப்பதற்கில்லை. 2018இல் லடாக்கின் ஹான்லேயில் இயங்கத் தொடங்கிய 0.7 மீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கி, திடீரென வெடிக்கும் விண்பொருளை நோக்கி ஆள் துணையின்றித் திரும்புகிறது. அதற்குத் தூக்கமில்லை, சலிப்பில்லை. இரவு தவறாத தொடர்ச்சி மனிதருக்கு எட்டாதது.

ஆனால் பிழை இரு வகை. ஒளித்துகள்கள் கூடியும் குறைந்தும் வருவதால் நேர்வது தற்செயல் பிழை; நூறு படங்களின் சராசரியில் அது பத்தில் ஒரு பங்காகும். மற்றது, எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழை. எடை குறைந்த படிக்கல்லை வைத்து நூறு முறை நிறுத்தாலும் சரக்கு சரியாக வராது.

அந்தச் சாய்வு பெரும்பாலும் நிறத்தால் வருகிறது. ஒரு கருவியின் பில்டரும் சிசிடியும் சேர்ந்து காணும் ‘வி’ பட்டை, நியம ‘வி’ பட்டையோடு முழுதாகப் பொருந்துவதில்லை. சிவந்த மிரா வகை விண்மீனை நீலச் சாயல் கொண்ட ஒப்பீட்டு விண்மீனோடு வைத்து அளந்து, வண்ணத் திருத்தம் செய்யாமல் விட்டால், விடை 0.05 பொலிவெண் விலகலாம். ஒளியில் அது ஏறக்குறைய 5 சதவீதம். விண்மீன் அடிவானத்தை நெருங்க நெருங்கக் காற்று நீல ஒளியைக் கூடுதலாக விழுங்குவதால் விலகல் மாறிக்கொண்டும் இருக்கும். பில்டரில் படிந்த தூசியைப் பழைய பிளாட் படம் (சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படம்) சரிசெய்யாது. மென்பொருளோ ஒளித்துகள் கணக்கை மட்டும் பார்த்து, பிழை 0.005 என்று அச்சிடுகிறது. இரண்டு தொலைநோக்கிகளின் எண்களை ஒரே வரைபடத்தில் இட்டால் நடுவில் ஒரு படி தெரியும். பொலிவு மாறியது என்று மாணவர் எழுதுவார், மாறியது கருவி.

5 பொலிவெண் வேறுபாடு 100 மடங்கு ஒளி என்று 1856இல் வரையறுத்த நார்மன் போக்சன், 1861 முதல் சென்னை வானாய்வகத்தை நடத்தியவர். அங்கே பணியாற்றிய ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி ஒரு மாறொளி விண்மீன் என்று 1867இல் கண்டறிந்தார். அவர்களைப் போலக் கண்ணால் செய்யும் மதிப்பீடு 0.1 பொலிவெண்ணைத் தாண்டித் துல்லியம் கோருவதில்லை. மூன்று தசமத்தானம் காட்டும் இயந்திரத்திடம் அந்த நேர்மையாவது வேண்டாமா?

மருந்து தெரிந்ததுதான். வானியலாளர் லேண்டோல்ட் 1992இல் வெளியிட்ட நியம விண்மீன்கள் வான நடுக்கோட்டை ஒட்டியவை. 12 பாகை அட்சரேகையிலுள்ள தருமபுரியிலும், அதற்கு வடகிழக்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலும் அவை ஏறத்தாழ 78 பாகை உயரம் வரை ஏறுகின்றன. உச்சியிலிருந்து இறங்கும்வரை ஓர் இரவு அவற்றை அளந்தால் கருவியின் நிறச் சாய்வைக் காட்டும் வண்ணக் குணகமும் காற்றின் ஒளிமறைப்பும் கைக்கு வரும். புதிதாக ஒன்றும் கிடைக்காத வேலையில் தொலைநோக்கி நேரம் வீணாகிறது என்பார்கள். அந்த இரவைச் செலவிடாதவர் அளக்கவில்லை, படம் எடுக்கிறார், அவ்வளவே.

வாடகை கட்டும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: வண்ணக் குணகம் என்ன, பிளாட் படம் எப்போது எடுத்தது, பொலிவு மாறாத சரிபார்ப்பு விண்மீனின் அளவீடுகள் எவ்வளவு சிதறின? விடை வராத தொலைநோக்கியின் எண்கள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் ஆய்வில் சேர்க்கத் தகுதியற்றவை.