ஏரிக்கரை ரேடியோ

பாகூர் ஏரிக்கரையில் பொழுது சாய்ந்தபின் டிரான்சிஸ்டரைத் திருகினால், பகலில் வெறும் இரைச்சலாயிருந்த இடத்தில் தூரத்து நிலையம் ஒன்று பேசத் தொடங்கும். பகல் முழுக்க, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. இருட்டியதும் அது கலைய, மேலடுக்குகள் அலையைத் தரைக்குத் திருப்புகின்றன. குரல் ஊஞ்சல்போலப் போய்வருவது, ஒரே அலை வெவ்வேறு வழிகளில் வந்து சேர்வதால். அந்தத் தேய்ந்து வளரும் குரல்மேல் எனக்குத் தீராத ஆசை.

அலையைத் திருப்புவது அந்த அடுக்குகள் மட்டுமல்ல, துருவ ஒளியும்தான். துருவத்தை ஒட்டிய நாடுகளில் ஹாம் ரேடியோக்காரர்கள் ஆன்டெனாவைத் துருவ ஒளி தோன்றும் திசைக்கே திருப்பிப் பேசுவார்கள். அதில் பட்டுத் திரும்பும் பேச்சு கரகரக்கும். மோர்ஸ் ஒலியோ சீறலாகிவிடும்.

நம் வானில் அந்த ஒளித்திரை இல்லை. ஆனால் இந்தியாவின் தென்முனையைப் பூமியின் காந்த நடுக்கோடு கடக்கிறது. அதன்மேல், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மின்னோட்டம் ஆறாய்ப் பாய்கிறது. அந்த ஆற்றின் கொந்தளிப்பு ரேடாருக்குத் தரும் எதிரொலியும் துருவ ஒளியின் எதிரொலியும் ஒருதாய்ப் பிள்ளைகள். தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது.