திறந்த பிரதியும் மாட்டுவண்டியும்

ரோலண்ட் பார்த் 1967இல் அறிவித்த ‘ஆசிரியனின் மரணம்’ தொண்ணூறுகளின் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் பக்கம்பக்கமாக விவாதிக்கப்பட்டது. பிரதி யாருக்கும் சொந்தமல்ல, வாசிப்பவரே அதை எழுதுகிறார் என்றெல்லாம் சொல்லப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிந்தனைக்குச் சட்டபூர்வமான ஒரு வடிவம் தமிழுக்குள் வந்தது, கோட்பாட்டாளர்கள் எட்டிக்கூடப் பார்க்காத சிறுவர் புத்தகங்களின் வழியாகத்தான். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8 அன்று ஸ்டோரிவீவர் தளத்தைத் தொடங்கியது. அதிலுள்ள கதைகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி எவரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், ஏன், விற்கவும் செய்யலாம். மூலத்தை எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். ஆசிரியர் சாகவில்லை, பெயரோடு இருக்கிறார். கதவைப் பூட்டும் சாவி மட்டும் அவர் கையில் இல்லை.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும் 1972இல் தொடங்கிய கோகுலமும் நின்றுபோய்விட்ட காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. வண்ணப் படக்கதையைக் காசு கொடுத்து வாங்க முடியாத வீட்டுக்கும் அது போய்ச் சேர முடியும். இதைச் சொல்லிவிட்டுத்தான் என் கேள்விக்கு வருகிறேன்: இந்தத் தளம் எந்த வாசகரைக் கட்டமைக்கிறது?

கதைகள் அங்கே நிலை 1, 2, 3, 4 என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. தரம் பிரிப்பதற்கான அளவுகோல்களில் சொல்லெண்ணிக்கையும் ஒன்று. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு பொருந்தலாம். தமிழில் ‘வரமாட்டேனென்றாளாம்’ என்பது ஒரே சொல். அதற்குள் ஒரு வாக்கியமும் ஒரு வதந்தியும் இருக்கின்றன. சொல்லை எண்ணித் தமிழ் வாசிப்பின் கடினத்தை அளப்பது, நெல்லை மூட்டைக் கணக்கில் வாங்கிவிட்டு எடை பார்க்காமல் விடுவதற்குச் சமம். அதைவிட முக்கியம், குழந்தை எதை விரும்புகிறாள் என்பதற்கு முன்பே அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று கேட்கப்பட்டுவிடுகிறது. பள்ளிக்கூடம் வாசல்வரை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தது மொழி. திருவையாற்றுப் பக்கத்துக் கிராமமொன்றில், நாலைந்து பிள்ளைகளுக்குக் கைபேசியில் இறக்கிய படக்கதை ஒன்றை வாசித்துக் காட்டினேன். தொலைந்துபோன நாய்க்குட்டியைத் தேடும் கதை. ‘நான் விளையாடச் செல்லட்டுமா, அம்மா?’ என்ற ரகத்தில் அதன் உரையாடல். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிரித்துவிட்டாள். “இப்புடி யாரு சார் கேப்பா? ‘வெளாடப் போறேம்மா’ன்னு கத்திப்புட்டு ஓடிருவோம்ல.” பிறகு அவளே கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நாய்க்குட்டி பூங்காவில் தொலையவில்லை. ஆத்துல தண்ணி வந்த அன்னைக்கு வாய்க்கால் மடைகிட்ட தொலைந்தது. அதைக் கண்டுபிடித்தவர் வைக்கப்போருக்குப் பின்னால் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா. (நம் குழந்தை இலக்கியத்தில் பீடிக்கு இடமில்லை. தாத்தாவுக்கு உண்டு, அறிவுரை சொல்வதானால்.)

எல்லாவற்றையும் பேச்சுமொழியில் எழுதிவிடு என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்துத் தமிழைக் கற்காமல் அந்தப் பெண் எங்கும் போக முடியாது. ஆனால் விவரிப்பு எழுத்துமொழியிலும் உரையாடல் பேச்சுமொழியிலும் இருக்கலாம் என்ற உடன்பாட்டைத் தமிழ்ப் புனைகதை என்றைக்கோ கண்டடைந்துவிட்டது. தஞ்சை மண்ணில் தி. ஜானகிராமனிலிருந்து சோலை சுந்தரபெருமாள்வரை அதைத்தான் செய்தார்கள். பெரியவர்களுக்குக் கிடைத்த இந்தச் சலுகை குழந்தைகளுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது? தன் வாயில் புழங்கும் சொல் புத்தகத்தில் ஏறத் தகுதியற்றது என்பதுதான் ஒரு குழந்தை புத்தகத்திலிருந்து கற்கும் முதல் பாடமென்றால், அவளை வாசகியாக்கும் முயற்சி அங்கேயே தோற்றுப்போகிறது.

மொழிபெயர்ப்பைக் குறை சொல்லி இதிலிருந்து தப்பிக்கவும் முடியாது. தஞ்சாவூரில் சிறுவர் புத்தக அச்சே மொழிபெயர்ப்பில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி தன் அச்சகத்தில் பதிப்பித்தவற்றுள் ஈசாப்புக் கதைகளின் மராத்தி ஆக்கமான ‘பாலபோத முக்தாவளி’யும் ஒன்று. கிரேக்கக் கதை, காவிரிக்கரையில், மராத்தியில். அந்தப் புத்தகம் யாரை வாசகராக எண்ணியது என்பது அரண்மனைக்கு வெளியே நாற்று நட்டவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. எங்கிருந்து வந்த கதை என்பதல்ல, வந்து சேர்ந்த இடத்தில் அது யாருடைய வாயில் புழங்குகிறது என்பதே கேள்வி.

இதை வேறொரு பக்கமிருந்து யோசித்தவர் இதே மண்ணின் எஸ்.ஆர். ரங்கநாதன். அன்றைய தஞ்சை ஜில்லாவின் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் புத்தகமாக வெளியிட்டது 1931இல். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது, தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். அவருடைய இரண்டாம் விதி வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகத்தைப் பற்றியது. மூன்றாவது, அதைத் திருப்பிப்போட்டு, புத்தகம் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைப் பற்றியது. இணைய நூலகங்கள் இரண்டாவதை நிறைவேற்றிவிட்டதாகப் பெருமைப்படுகின்றன. மூன்றாவதன் இடத்தில் ‘இத்தனை முறை வாசிக்கப்பட்டது’ என்றொரு எண் உட்கார்ந்திருக்கிறது. திறக்கப்பட்ட பக்கமெல்லாம் வாசிப்பா? வண்டியோடு ஓர் ஆளும் போனார். எந்தப் புத்தகம் யாருக்கு ஆகும் என்று முகம் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இருந்தார். கைபேசியில் அந்த ஆள் இல்லை. கைபேசியே பல வீடுகளில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

தமிழக அரசு 2022இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு புத்தகங்களைக் கையிலேயே கொடுத்தது. அங்கேயும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். எண்ணை விட வினைச்சொல் தேவலை, படி படிதான். ஆனாலும் அச்சிட்ட புத்தகத்தோடு வகுப்பறையில் ஓர் ஆசிரியர் நிற்கிறார் என்பதால் இதன்மேல் எனக்கு நம்பிக்கை கூடுதல்.

ஸ்டோரிவீவரின் உரிமம் அந்தச் சிறுமி சொன்ன மடைக் கதையை இன்னொரு வடிவமாக ஏற்றிக்கொள்ளத் தடை சொல்லவில்லை. தளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அவள் சொல்வதைக் கேட்டு, ‘கத்திப்புட்டு’வைத் திருத்தாமல் தட்டச்சு செய்ய ஒருவர் வேண்டும். மாவட்டத்தில் ஊர்ப்புற நூலகங்கள் இருக்கின்றன, தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், மறுவாசிப்பு பற்றிப் பேசுகிற நண்பர்களும் இருக்கிறார்கள். பீடி குடிக்கும் தாத்தா இன்னும் வைக்கப்போருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.