மாவில் மலரும் சுடர்

அடுக்களையில் சாதுவாய்க் கிடக்கும் மக்காச்சோள மாவு, குவியலாய் இருக்கும்போது தீக்குச்சியைக் காட்டினாலும் கருகி அடங்குமேயன்றிக் கொழுந்துவிடாது. ஆயினும் அதே மாவு நுண்துகள்களாய்ப் பிரிந்து காற்றில் மிதக்கையில், ஒவ்வொரு துகளையும் பிராணவாயு சூழ்ந்துகொள்வதால், ஒன்றின் உஷ்ணம் அடுத்ததைப் பற்றவைக்க, கண்ணிமைப்பதற்குள் அம்மேகம் முழுவதும் அக்கினி ஸ்வரூபம் கொள்கிறது. தீயூதும் வித்தைக்காரர்களுள் சிலர், மண்ணெண்ணெயின் விஷத்தை அஞ்சி, இம்மாவையே பந்தத்தின்மீது ஊதுகின்றனர். அப்போது பொன்னிறமாய் உருண்டு விரிந்து மறையும் சுடரின் சௌந்தரியம், நெடுநாள் அப்பியாசத்தாலும் மூச்சின்மீது கொண்ட ஆட்சியாலும் வாய்ப்பது. மேனாட்டு நாடக மேடையில் மின்னலைக் காட்ட லைக்கோபோடியம் என்னும் தாவரத்தின் வித்துத்துகளை எரித்தவர்களும், கேரளத்தின் முடியேற்று என்னும் சடங்கு நாடகத்தில் காளியின் முன்னே பந்தங்களில் தெள்ளிப்பொடி என்னும் பிசின்தூளை எறிபவர்களும் இவ்வியற்கை ரகசியத்தையே கலையாக்கினர். 1785-ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரில் ரொட்டிக்காரர் ஒருவரின் மாவுக் கிடங்கு விளக்குச் சுடர் பட்டு வெடித்ததையும், 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவு ஆலை தகர்ந்து 18 பேர் மாண்டதையும் நினைக்குங்கால், இவ்வித்தையின் மகத்துவம் நன்கு விளங்கும். சம்ஹாரம் செய்யவல்ல சக்தியை ஒரு மூச்சின் அளவுக்கு அடக்கி, ஜனங்களின் ஆனந்தத்துக்கென்றே செலவிடும் கலைஞன் நம் வணக்கத்துக்கு உரியவன்.